அந்தக் காணொளியைப் பகிர்வதற்கு முன்

"ஜேம்ஸ் வெப் பெருவெடிப்பையே பொய்யாக்கிடுச்சாமே சார்?" மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளித் திடலில் தொலைநோக்கி வைத்திருந்தபோது ஓர் அண்ணன் கைப்பேசியை நீட்டினார். அதே காணொளி. பிரபஞ்சம் சூடான, அடர்ந்த நிலையிலிருந்து விரிந்து வந்தது என்பதுதான் பெருவெடிப்புக் கோட்பாடு; ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதைப் பொய்யாக்கிவிட்டது என்கிறது. 2022இலிருந்து புலனத்தில் சுற்றுகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் இதற்கே பதில் சொல்லிச் சலித்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்து விண்மீன் திரள்களை வெப் படம்பிடித்தது. சில, வானியலாளர்கள் நாங்கள் கணித்ததைவிடப் பிரகாசமாக இருந்தன. அவ்வளவுதான். விண்மீன்கள் எப்படி அத்தனை வேகமாகப் பிறந்தன என்பதே இப்போதைய ஆய்வு. அந்த வயதைக் கணக்கிட்டதே, பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்துதான்! அந்த விரிவுதானே பெருவெடிப்புக் கோட்பாட்டின் அடிப்படை?

அடுத்து, "அப்போ யாரு இருந்து பார்த்தாங்க?" என்ற கேள்வி. ஐயா, நாங்கள் ஊகிக்கவில்லை, பார்க்கிறோம். ஒளி வந்துசேர நேரம் பிடிக்கிறது. சூரியனை 8 நிமிடத்துக்கு முன்பிருந்தபடியும், ஆண்ட்ரோமீடா திரளை 25 லட்சம் ஆண்டுக்கு முன்பிருந்தபடியும் பார்க்கிறோம். தூரம் கூடக் கூட இளமைக் காலம் தெரியும். கோயில் திருவிழாவில் கைக்குழந்தை முதல் தாத்தா வரை ஒரே நாளில் பார்த்து, மனிதன் வளரும் விதத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? திரள்களின் வளர்ச்சியையும் அப்படித்தான் படிக்கிறோம்.

இன்னும் பின்னால் போனால், பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளி. 1964இல் வானொலி வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் தங்கள் அலைவாங்கியில் ஓயாத இரைச்சலைக் கேட்டார்கள். உள்ளே கூடு கட்டிய புறாக்களை விரட்டி, எச்சத்தைக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய 3 கெல்வின், அதாவது சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்குரிய இரைச்சல். அந்தப் பழைய ஒளிதான் அது. 1989இல் ஏவிய கோபி (COBE) செயற்கைக்கோள் அந்த ஒளி எந்த அலைநீளத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்தபோது, அளவீட்டுப் புள்ளிகள் பெருவெடிப்புக் கோட்பாடு சொன்ன வளைவின் மேல் அச்சாக உட்கார்ந்தன. என் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் அந்த வரைபடத்தைத்தான் காட்டுவேன்.

சரி, காணொளி வந்தால் எந்தத் திரள், யார் அளந்தது, எந்த ஆய்விதழில் வந்தது என்று பாருங்கள். மூன்றும் இல்லையா, அழித்துவிடுங்கள். பிள்ளையின் பெயரை விண்மீனுக்கு வைத்துத் தருகிறோம் என்று காசு கேட்பவருக்கு ஒரு வெள்ளிகூடத் தராதீர்கள். விண்மீன்களுக்கு அதிகாரப்பூர்வமாகப் பெயரிடும் அனைத்துலக வானியல் ஒன்றியம் பெயர்களை விற்பதில்லை. அப்புறம், தயவுசெய்து, கேள்வி கேட்கும் பிள்ளையை "சும்மா இரு" என்று அடக்காதீர்கள்.

நவம்பரில் மழை விட்ட இரவு, பத்து மணி வாக்கில், செம்பனைக்காட்டு ஓரமாக விளக்கில்லாத இடத்துக்கு அழைத்துப் போய், பைனாகுலரில் வடக்கே பாதி உயரத்துக்குச் சற்று மேலே தேடச் சொல்லுங்கள். நீள்வட்டமாக மங்கித் தெரிவது ஆண்ட்ரோமீடா.