குறட்டை அறிக்கையின் இரண்டாவது வரி

தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஏப்னியாவுக்கான சோதனை முடிந்து அறிக்கை கைக்கு வந்ததும் எல்லாருடைய கண்ணும் ஏஎச்ஐ எண்ணுக்குத்தான் போகும். தூங்கும்போது குறைந்தது 10 விநாடிக்கு மூச்சு நிற்பதும் குன்றுவதும் மணிக்கு எத்தனை முறை என்பதே அந்தக் கணக்கு. 5 முதல் 14 வரை லேசானது; 30 தொட்டால் கடுமையானது. லேசானவர்களுக்கு, அழுத்தமாகக் காற்றை ஊதி தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் முகமூடியை விட்டு வேறு வழி பார்க்க இடமுண்டு. எந்த வழி என்பதை அதே அறிக்கையில் மல்லாந்து படுத்தபோதும் ஒருக்களித்தபோதும் தனித்தனியாக எடுத்த எண்கள் சொல்லும்.

மல்லாந்தால் நாக்கும் மெல்லண்ணமும் தொண்டைப் பக்கம் சரிகின்றன. விழித்திருக்கும்போது நாக்குத் தசை இழுத்துப் பிடிக்கும், தூக்கத்தில் தளர்ந்துவிடும். மல்லாந்த எண் மற்றதைப்போல் இருமடங்கோ மேலோ இருந்து, ஒருக்களித்த எண் 5க்குக் கீழே இருந்தால், படுக்கும் விதத்தை மாற்றினாலே போதும். பிரிக்பீல்ட்ஸ் தையல்கடையில் பழைய டி-சட்டையின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே பை தைத்து டென்னிஸ் பந்தைப் போடலாம். மலிவுதான், ஆனால் முதுகு வலித்து, தூக்கம் கெட்டு, சில மாதங்களில் கைவிடுபவர்களே அதிகம். நம் வீடுகளில் இருக்கும் ‘பந்தால் பெலுக்’ எனும் நீள அணைப்புத் தலையணை ஒன்றை அணைத்து, இன்னொன்றை முதுகுக்கு முட்டுக் கொடுப்பது சொகுசு. நடு இரவில் அது நழுவிவிடும் என்பதுதான் குறை. மல்லாந்தால் அதிர்ந்து திரும்ப வைக்கும் பட்டைகளும் உண்டு.

ஒருக்களித்தும் எண் இறங்கவில்லையா? அப்போது தாடைக் கருவி. மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் ஒவ்வொரு தகடு. கீழ்த்தாடையை முன்தள்ளிப் பிடித்து, அதோடு நாக்கையும் முன்னே இழுக்கும். உங்களால் முன்தள்ள முடிந்த தூரத்தில் பாதியளவில் தொடங்கி, சில வாரங்களில் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டராகப் பல் மருத்துவர் கூட்டுவார். வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவமைக்கும் இணையச் சரக்கு பல்லில் இறுகப் பொருந்தாது, கழன்றுவிடும். ஆடும் பல், ஈறு நோய், முழுப் பல்செட் இருந்தால் கருவிக்குப் பிடிமானம் இல்லை.

காலையில் எழுந்ததும் கடி பொருந்தாமல் இருக்கும், தாடை மூட்டு வலிக்கும். சற்று நேரம் மென்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துபவர்களுக்கு மேல்முன்பல் உள்ளேயும் கீழ்முன்பல் வெளியேயும் மெல்ல நகரும்; அதனால் பல் மருத்துவரிடம் தொடர்ந்து காட்ட வேண்டும். குறட்டை நின்றால் மூச்சுத்தடையும் நின்றதென்று நம்பிவிடுவது இங்கே பெரிய தவறு. கருவியை மாட்டிக்கொண்டு சோதனையை மறுபடி செய்யுங்கள். வீட்டுச் சோதனைப் பெட்டிகள் பல, தூங்கிய நேரத்தால் வகுக்காமல் பதிவான நேரத்தால் வகுப்பதால் எண்ணைக் குறைத்தே காட்டும்.

எடையும் பேசும். 2000இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வில், எடை 10 சதவீதம் குறைந்தால் ஏஎச்ஐ சுமார் 26 சதவீதம் குறையும் என்று கணித்தார்கள். 80 கிலோ ஆளுக்கு 8 கிலோ. இரவு பத்தரைக்கு நாசி கண்டார் சோறு, பிறகு இரண்டு பீர் என்ற பழக்கம் இருந்தால் முதலில் பீரை விடுங்கள்: மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். தூக்க மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

எண் லேசாக இருந்தும் பட்டர்வொர்த்துக்கும் கோலாலம்பூருக்கும் லோரி ஓட்டும்போது கண் சொக்கினால், இந்த வழிகளை மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க நேரமில்லை. ஓட்டுவதை நிறுத்திவிட்டு, சிபேப் பற்றி அந்த வாரமே மருத்துவரிடம் பேசுங்கள்.