தேயிலை மலையில் சிறுத்தையும் லயத்துச் சனமும்

கொழும்பில் இருக்கிற நமக்குச் சிறுத்தை என்றால் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, இல்லாவிட்டால் யால தேசியப் பூங்கா. ஆனால் அட்டன், மஸ்கெலியாப் பக்கமிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அது அவர்களுடைய லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னாலேயே நடமாடும் பிராணி.

எப்படிச் சேர்ந்து வாழ முடிகிறது? முதலில் நேரம். கொழுந்து பறிப்பவர்கள் காலையில் மலைக்கு ஏறி மாலையில் இறங்கிவிடுவார்கள், சிறுத்தை பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் வெளிக்கிடும். பகலில் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய காட்டுத் துண்டுகளிலும் ஓடைக்கரைப் புதரிலும் பாறை இடுக்கிலும் படுத்திருக்கும். தேயிலைச் செடிகளுக்கு அடியில் கண்ணில் படாமல் நகரலாம். கேளையாடு, முயல், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி என்று சாப்பாடும் உண்டு. மனிதர் அதன் இரைப்பட்டியலில் இல்லை. தாக்குதல் நடப்பது உண்மைதான், அது பெரும்பாலும் செடிக்கடியில் படுத்திருக்கும் சிறுத்தைக்கு, அதுவும் குட்டியோடு இருக்கும் தாய்க்கு, யாராவது தெரியாமல் மிக அருகில் போய்விடும்போது. அந்தக் காயத்தின் வலியும் இழந்த நாள் சம்பளமும் தொழிலாளிக்குத்தான் என்பதை நாம் இங்கிருந்து மறந்துவிடக் கூடாது.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது கம்பிச் சுருக்கு. பன்றிக்கென்று வைப்பார்கள், அதே ஒற்றையடிப் பாதையில் சிறுத்தையும் வரும். கழுத்திலோ இடுப்பிலோ மாட்டினால் இழுக்க இழுக்க இறுகும். இடுப்பில் இறுகிய கம்பி உள்ளுறுப்புகளையும் நசுக்குவதால், உயிரோடு மீட்டாலும் பல பிழைப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் இறந்துபோனது. உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் இந்தச் சிறுத்தைத் துணையினத்தில் கறுப்பு நிறம் மிக அபூர்வம், பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குட்டி கறுப்பாகப் பிறக்கும்.

சரி, பிடித்து வேறு காட்டில் விட்டால்? காலியான எல்லைக்கு இன்னொன்று வரும், அந்த இடத்துக்குப் பழகாத இளசாகவும் இருக்கலாம். அதைவிட லயத்தைச் சுற்றிக் குப்பையை அகற்றுவது பலன் தரும், ஏனென்றால் குப்பைக்கு நாய் வருகிறது, நாய்க்காகச் சிறுத்தை வருகிறது. இரவில் நாயை உள்ளே கட்டுவதும், கொழுந்துக்கு இறங்குமுன் சத்தம் போட்டு மலையைப் பார்ப்பதும் அப்படித்தான். அப்புறம், பகலில் சிறுத்தையைக் கண்டால் போனைத் தூக்கிக்கொண்டு சுற்றி வளைக்க வேண்டாம், காட்டுப் பக்கம் ஓட வழி விட்டால் பெரும்பாலும் அது தானாகப் போய்விடும்.