மெட்டபாலிசம்: செரிமானம் அல்ல, வளர்சிதை மாற்றம்

"எங்க நாய்க்கு ஜீரணம் மெதுவா நடக்குது, அதான் இப்படிக் குண்டாகுது" என்று நாய் வளர்ப்பவர்கள் பேசிக்கொள்வதுண்டு. அவர்கள் சொல்ல நினைப்பது மெட்டபாலிசத்தை. ஆனால் ஜீரணம் வேறு, மெட்டபாலிசம் வேறு. செரிமானம் வயிற்றிலும் குடலிலும் நடப்பது. செரித்த சத்து இரத்தத்தில் கலந்து உயிரணுக்களைச் சேர்ந்த பிறகு அங்கே நடப்பதுதான் மெட்டபாலிசம்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'மெட்டபொலே' என்றால் மாற்றம், அவ்வளவுதான். 1839இல் ஜெர்மன் அறிஞர் தியோடர் ஷ்வான், உயிரணுக்களில் நடக்கும் வேதிமாற்றங்களைக் குறிக்க இதிலிருந்து ஒரு சொல்லை ஆக்கினார்.

தமிழில் 'வளர்சிதை மாற்றம்' என்கிறோம். கிரேக்கச் சொல்லைவிட இது தெளிவானது என்பேன். எதுவோ மாறுகிறது என்று சொல்வதோடு நிற்காமல், வளர்வதும் சிதைவதும் சேர்ந்தே நடக்கின்றன என்பதை வரவுசெலவு போல ஒரே சொல்லில் காட்டிவிடுகிறது. தசையையும் எலும்பையும் கட்டுவது வளர்மாற்றம். சத்தை உடைத்து ஆற்றல் எடுப்பது சிதைமாற்றம். (பிணம் எரிக்க அடுக்கும் சிதை வேறு சொல், இங்கே உள்ளது 'சிதைதல்'.)

சரி, இதை எப்படி அளப்பது? உடல் செலவிடும் ஆற்றல் கடைசியில் பெரும்பாலும் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. 1894இல் மாக்ஸ் ரூப்னர் என்ற ஜெர்மன் அறிஞர் ஒரு நாயை வெப்பம் அளக்கும் கூண்டான கலோரிமீட்டருக்குள் இருக்கவைத்து, அதன் உடல் வெளியிட்ட வெப்பத்தை நாள்கணக்கில் அளந்தார். உடலில் எரிந்த சத்துக்களை வைத்துப் போட்ட கணக்கும் அளந்த வெப்பமும் ஏறக்குறைய ஒரு விழுக்காட்டு வேறுபாட்டுக்குள் ஒத்துப்போயின. அடுப்பில் எரியும் விறகுக்கான ஆற்றல் விதியே உயிருள்ள உடலுக்கும் பொருந்தும் என்று காட்டிக்கொடுத்தது அந்த நாய்தான்.

இப்போது மூச்சுக்காற்றை அளந்தே கணக்கிடுகிறார்கள். இதை 'மறைமுக வெப்ப அளவியல்' எனலாம். நாயை ஒரு கண்ணாடிக் கூண்டில் படுக்கவைத்தோ முகமூடி மாட்டியோ, அது எடுத்துக்கொண்ட ஆக்சிஜனையும் விட்ட கார்பன் டை ஆக்சைடையும் அளப்பார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 4.8 கிலோகலோரி ஆற்றல் செலவாகியிருக்கும். விட்ட வாயுவை எடுத்த வாயுவால் வகுத்தால் 0.7 வந்தால் கொழுப்பு எரிகிறது, 1 வந்தால் மாவுச்சத்து. நாய் பதறினாலோ நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தாலோ கணக்கு தப்பிவிடும். அதனால் முதலில் அதை அந்த இடத்துக்குப் பழக்க வேண்டும்.

கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் சூத்திரம் ஒன்று உண்டு: கிலோ கணக்கில் எடையின் 0.75ஆம் அடுக்கை 70ஆல் பெருக்கினால் ஓய்வுநிலை ஆற்றல் தேவை கிடைக்கும். 3 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 160 கிலோகலோரி. 30 கிலோ நாய்க்கு 900. எடை பத்து மடங்கு கூடினாலும் தேவை ஆறு மடங்குகூடக் கூடவில்லை. இது சும்மா படுத்திருக்கும் நாயின் கணக்கு. அலாஸ்காவில் பனிவண்டி இழுக்கும் நாய்களோ ஓட்டப் பந்தய நாட்களில் நாளொன்றுக்கு 10,000 கிலோகலோரிக்கு மேல் செலவழிக்கின்றன.

அப்புறம், அந்தக் குண்டு நாய். தைராய்டு சுரப்பு குறைந்த நாய்க்கு ஓய்வுநிலை ஆற்றல் செலவு குறைந்துவிடும். அளவாகத் தின்றாலும் எடை ஏறும். அதன் குடல் எல்லாவற்றையும் நன்றாகவே செரிக்கிறது. குறைந்திருப்பது வளர்சிதை மாற்றம்.