முட்டைக்கோஸ் குளிரை எங்கே குறித்து வைக்கிறது?

கேத்தி, கோத்தகிரிப் பக்கம் அறுக்காமல் விட்ட முட்டைக்கோஸ், மார்கழி, தைக் குளிரை வாரக்கணக்கில் வாங்கிய பிறகுதான் பூத்தண்டு விடும். போதிய குளிர் கிடைக்காத இடத்தில் வெறும் இலையாகவே நிற்கும். பூப்பதோ வெயில் வந்த பிறகு. அப்படியானால் பட்ட குளிரைச் செடி எங்கோ குறித்து வைத்திருக்க வேண்டும்.

அந்த இடத்தைக் கடுகுக் குடும்பத்தின் இன்னொரு செடியான அராபிடாப்சிஸில் கண்டுபிடித்தார்கள். பூப்பதைத் தடுக்கும் எஃப்எல்சி என்ற மரபணு அதில் உண்டு. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒன்று எச்3. அதன் 27ஆவது அமினோ அமிலம் லைசின். குளிர் நீடிக்க நீடிக்க, எஃப்எல்சி இருக்கும் பகுதியில் அந்த லைசின்மேல் மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டங்கள் மூன்று ஏறி, மரபணு அடங்கிவிடுகிறது. குளிர் விலகினாலும் குறி அழிவதில்லை.

மூன்று மெத்திலும் சேர்ந்து வெறும் 42 டால்டன் (ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறக்குறைய ஒரு டால்டன்). சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. அதைத் தேடிப் பிடிக்கத்தான் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளில் மட்டும் போய் ஒட்டும் எதிர்ப்புப் புரதம்.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பெயர்பெற்றது. அந்த ஊசியின் அடிப்படைதான் இங்கும்: அந்நியப் பொருளை உடலுக்குக் காட்டினால் அதைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை உடலே செய்துகொள்ளும். மெத்தில் ஏறிய லைசினை நடுவில் வைத்து ஒரு சிறு புரதத்துண்டைச் செயற்கையாகச் செய்து, பெரிய புரதத்தில் ஒட்டி, முயலுக்குப் போடுவார்கள். துண்டு தனியாகப் போனால் உடல் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அப்புறம் முயலின் ரத்தநீரை மெத்தில் இல்லாத துண்டுகள் ஒட்டிய குழாய் வழியே விடுவார்கள். குறியைப் பார்க்காமலே ஒட்டுகிறவை அங்கேயே தங்கிவிடும்.

சிக்கல் இனிமேல்தான். எச்3இன் 9ஆவது இடத்திலும் ஒரு லைசின் உண்டு. இரண்டு லைசினுக்கும் முன்னால் அலனின், அர்ஜினின், பின்னால் செரின். அக்கம்பக்கம் அச்சு அசலாக ஒன்றுதான். 9இல் மூன்று மெத்தில் ஏறினாலும் பல உயிர்களில் மரபணு அடங்கும். ஆகவே ஆன்டிபாடி இடம் மாறி ஒட்டினாலும் முடிவு நம்பும்படியாகவே இருக்கும். இதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுகிறது. இன்னொன்று, 28ஆவது செரினில் பாஸ்பேட் ஏறிவிட்டால், குறி இருந்தும் ஆன்டிபாடி ஒட்டாமல் போகலாம். சமிக்ஞை வரவில்லை என்பதற்காகக் குறியே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

அதனால் முதலில் ஆன்டிபாடியையே சோதிக்க வேண்டும். 9, 27 இரண்டுக்கும் மெத்தில் இல்லாதது, ஒன்று, இரண்டு, மூன்று உள்ளது எனத் துண்டுகளை வரிசையாக வைத்து, எதில் ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். மெத்தில் ஏற்றும் நொதி இல்லாத செடியில் சமிக்ஞை மறைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், இலையை ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்து டிஎன்ஏவையும் ஹிஸ்டோனையும் பிணைத்து, துண்டாக்கி, ஆன்டிபாடி ஏற்றிய காந்த மணிகளால் இழுத்தெடுக்கலாம். வந்ததில் எஃப்எல்சி துண்டு எவ்வளவு என்று அளந்தால், குளிருக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

எச்3இன் இந்தப் பகுதி மனிதனுக்கும் முட்டைக்கோஸுக்கும் ஒன்றுதான். மனித செல்லுக்கென்று விற்கும் ஆன்டிபாடியை வைத்தே நீலகிரி மாணவர் ஒருவர் இதைச் செய்து பார்க்கலாம். வாங்கிய குப்பியின் தயாரிப்புத் தொகுதி (batch) எண்ணை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த தொகுதி வேறொரு முயலிலிருந்து வந்திருந்தால் சோதனையை முதலிலிருந்து செய்தாக வேண்டும்.