நஞ்சுக்குப் பெயர் ‘கிஃப்ட்’

ஜெர்மனிக்குச் செவிலியர் பணிக்குச் செல்வோருக்கு அந்நாட்டு மொழியைக் கற்பித்துவரும் எனக்கு, ‘பி2’ என்னும் மேல்நிலை மொழித்தேர்வின் இலக்கணத்தைவிட அதிகக் கவலை தருபவை, ஆங்கிலச் சொல்லின் சாயலில் வந்து ஏமாற்றும் எளிய சொற்களே. துப்புரவுத் திரவப் புட்டியொன்றில் ‘கிஃப்ட்’ என்றிருந்ததைப் பார்த்த மாணவி ஒருவர், இதை வாங்கினால் ஏதோ இலவசம் போலும் என்றார். ஜெர்மனில் அதற்கு நஞ்சு என்று பொருள்.

கொடுப்பதைக் குறிக்கும் ‘கேபன்’ என்ற வினையோடு உறவுடைய இச்சொல், பழைய ஜெர்மனில் கொடையையே குறித்தது. கிரேக்கத்தில் ‘கொடுத்தல்’ எனப் பொருள்படும் ‘டோசிஸ்’ ஒரு வேளை மருந்துக்கும் பெயரானதால், அதன் வழியில் இதுவும் கொடுக்கப்படும் மருந்தாகி, பின்னர் நஞ்சை வெளிப்படையாகச் சொல்லத் தயங்கியோரின் வாயில் நஞ்சாகவே நிலைத்துவிட்டது. நமக்கு இது புதிதன்று. ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்று ஊரில் ஒருவர் தணிந்த குரலில் சொன்னால், எந்த மருந்து என்று யாரும் கேட்பதில்லை. பழைய பொருள் ‘மிட்கிஃப்ட்’ என்ற சொல்லில், அதாவது மணப்பெண்ணோடு கொடுத்தனுப்பும் சீதனத்தில், இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் என் மாணவியர் கொஞ்சம் கசப்போடுதான் சிரிப்பார்கள்.

மருத்துவரைக் குறிக்கும் ‘ஆர்ட்ஸ்ட்’ கிரேக்கத்தின் ‘தலைமை மருத்துவர்’ என்ற சொல் தேய்ந்து வந்தது. அதில் ஆபத்து ஒன்றுமில்லை.

ஆபத்து ‘ந்யூஷ்டர்ன்’ என்ற சொல்லில் இருக்கிறது. அகராதியைப் புரட்டுவோர் ‘மது அருந்தாத’ என்ற பொருளோடு நின்றுவிடுகிறார்கள். மருத்துவமனையிலோ அது வெறும் வயிற்றைக் குறிக்கும். இரவுக்குரியது எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து, விடியுமுன் உண்ணாமல் வழிபாட்டுக்குக் கூடிய துறவியர் மடங்களின் வழியாக வந்த சொல் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. அறியாத செவிலியர், அறுவைக்கு வந்தவரிடம் குடிப்பழக்கம் பற்றிய கேள்வியாக எண்ணி இதைக் கேட்டு, கிடைக்கும் பதிலையும் அவ்வாறே குறித்துக்கொண்டால், காலை உணவோடு மயக்க மருந்து பெறும் நோயாளியின் நுரையீரலுக்குள் வயிற்றிலுள்ளது புகுந்துவிடக்கூடும்.

ஆகவே அந்த ஒரு சொல்லோடு நிறுத்தாமல், கடைசியாக எப்போது உண்டீர்கள், எப்போது தண்ணீர் குடித்தீர்கள் என்று ஜெர்மனில் தனித்தனியே கேட்கவும், சொல்லும் நேரத்தை எழுதிக்கொள்ளவும் வகுப்பிலேயே பழக்குகிறேன்.