விரல்ல 98 காட்டுது, அப்புறம் ஏன் கால் ஓஞ்சு போகுது?

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு அம்மா அவங்க கணவர கூட்டிட்டு வந்தாங்க. அவருக்கு ஹார்ட் ஃபெயிலியர், அதாவது ஹார்ட் வீக்காகி ரத்தத்த சரியா பம்ப் பண்ண முடியாத நிலை. பம்பிங் 30 சதவீதம்தான்னு எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) ரிப்போர்ட், நாலு வருஷமா மாத்திரை சாப்பிடறார். கொரோனா சமயத்துல வாங்குன ஆக்ஸிமீட்டரையும் பையில போட்டு எடுத்துட்டு வந்திருந்தாங்க. "பாருங்க மேடம், ஆக்ஸிஜன் 98 இருக்கு, ஆனா பாத்ரூம் போயிட்டு வந்தாலே தொடை ரெண்டும் கல்லு மாதிரி கனக்குதுன்னு உக்காந்துடறார், மனசுல பயமா இருக்குமோ?"ன்னாங்க. அவர் எதுவும் பேசல, தலைய குனிஞ்சுகிட்டே இருந்தார்.

கார்டியாக் ரிஹாப்ல (ஹார்ட் பேஷண்ட்டுகளுக்கு உடற்பயிற்சி குடுக்கற இடம்) பிசியோதெரபிஸ்ட்டா வேல பாக்குற எனக்கு இந்த 98 கதை வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும். வீட்ல சோம்பேறித்தனம்னு சொல்லிடறாங்க, பேஷண்ட்டும் அத நம்பிடறார், அதனாலதான் இத எழுதணும்னு தோணுச்சு.

அந்த 98 என்ன சொல்லுது? தமனி ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின்ல ஆக்ஸிஜன் எவ்வளவு ஏறியிருக்குன்னு மட்டும்தான் சொல்லுது. தண்ணி லாரிய நினைச்சுக்கோங்க. லாரி ஃபுல்லா இருக்கு, அதுதான் 98. ஆனா ஒரு நாளைக்கு எத்தன நடை வருது, நம்ம சந்துக்குள்ள வண்டி நுழையுமா, வந்த தண்ணிய புடிச்சு வைக்க வீட்ல குடம் இருக்கா, இது எதுவும் அந்த மெஷினுக்குத் தெரியாது.

லாரி எத்தன நடை வருதுங்கறது ஹார்ட்டோட வேல. சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் போகும், நல்லா இருக்கற ஆள் வேகமா ஓடும்போது அது 20 லிட்டர் வரைக்கும் ஏறும், அதுல 80 சதவீதத்துக்கு மேல தசைக்கே போயிடும். ஹார்ட் ஃபெயிலியர்ல அது அந்த அளவுக்கு ஏறாது, அதோட பிரஷர் விழுந்துடக்கூடாதுன்னு உடம்பே கை கால் ரத்தக்குழாய இறுக்கி வச்சுக்கும், வேல செய்யும்போது விரியவேண்டிய குழாயும் சரியா விரியாது. இதுதான் சந்து.

நிறைய பேருக்குத் தெரியாதது குடத்தோட கதை, அதாவது தசையோட கதை. 1980கள்லயே ஹார்ட் ஃபெயிலியர் பேஷண்ட்டுகள்கிட்ட இத சோதிச்சுப் பாத்திருக்காங்க, டோபுடமின்ங்கற மருந்த டிரிப்ல போட்டு ஹார்ட்டோட பம்பிங்க உடனே ஏத்துனாங்க, காலுக்குப் போற ரத்தமும் கூடுச்சு, ஆனா கால் எடுத்துக்கிட்ட ஆக்ஸிஜன் கூடல, அவங்களால கூடுதலா வேல செய்யவும் முடியல. புது ஹார்ட் வச்சவங்களுக்குக்கூட முழு தெம்பு உடனே வந்துடறதில்ல. ஏன்னா வருஷக்கணக்குல தசையே மாறிப்போச்சு. ஆக்ஸிஜன எரிச்சு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியா கொறஞ்சுடுது, தசை நார சுத்தி இருக்கற தந்துகிகள் (ரொம்ப மெல்லிய ரத்தக்குழாய்கள்) கொறையுது, ரொம்ப நேரம் தாங்குற நார் கொறைஞ்சு சீக்கிரம் களைக்கிற நார் கூடிடுது. எழுந்து நாலு எட்டு வைக்கும்போதே கையிருப்பு சக்தி கரைஞ்சு, தொடை கடுக்க ஆரம்பிக்குது. எக்கோல வர்ற நம்பருக்கும் ஒருத்தர் எவ்வளவு தூரம் நடப்பார்ங்கறதுக்கும் பெருசா சம்பந்தம் இல்லாததுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அந்த அம்மாகிட்ட வீட்ல எப்படி பாத்துக்கறீங்கன்னு கேட்டேன். "ஒரு டம்ளர் தண்ணி கூட நான்தான் மோந்து குடுக்கறேன் மேடம், அசையவே விடறதில்ல"ன்னாங்க. பாசம்தான், எனக்குப் புரியுது, ஆனா படுக்கையிலயே இருந்தா ஆரோக்கியமான தசையே இளைச்சுடும், இவருக்கு ஏற்கெனவே கொறைஞ்சது இன்னும் கொறையும்.

தசை திரும்பியும் வரும்ங்கறதுதான் இதுல நல்ல செய்தி. 1988ல அமெரிக்காவோட ட்யூக் யுனிவர்சிட்டில ஹார்ட் ஃபெயிலியர் இருந்த 12 பேருக்கு மாசக்கணக்குல பயிற்சி குடுத்தாங்க, அவங்களோட உச்ச ஆக்ஸிஜன் பயன்பாடு 23 சதவீதம் கூடுச்சு, ஆனா எக்கோ நம்பர் பெருசா மாறல. ஹார்ட் அதே ஹார்ட்தான், வந்த ரத்தத்துலேர்ந்து கால் கூடுதலா எடுத்துக்க கத்துக்கிச்சு. அப்புறம் 2009ல வந்த 2331 பேர் ஆய்வுல, ஹார்ட் வீக்கா இருக்கறவங்களும் முறையா பண்ணா பாதுகாப்புதான்னு தெரிஞ்சுது.

இவருக்கு நான் முதல்ல நடையே குடுக்கல. நாற்காலில உக்காந்து ஒரு கால மட்டும் நீட்டி மடக்க சொன்னேன், அப்புறம் இன்னொரு கால். ஒரு நேரத்துல சின்ன தசைதான் வேல செய்யுதுன்னா இருக்கற பம்பிங்கே அதுக்குப் போதும், ஹார்ட்டுக்கு பெருசா சுமை ஏறாம தசைக்கு நல்ல பயிற்சி கிடைக்கும். அதுக்கப்புறம் ரெண்டு நிமிஷ நடை, ஒரு நிமிஷ ரெஸ்ட், மறுபடி நடை. பீட்டா பிளாக்கர் சாப்பிடறவங்க நாடித்துடிப்ப வச்சு அளவு பாக்காதீங்க, மாத்திரையே துடிப்ப குறைச்சு வச்சிருக்கும், நடந்துகிட்டே முழு வாக்கியமா பேச முடியுதான்னு பாருங்க, அதுதான் அளவு.

இத படிச்சுட்டு இன்னைக்கே நீங்களா ஆரம்பிக்காதீங்க, கார்டியாலஜிஸ்ட்டுகிட்ட கேட்டுட்டுத்தான். ரெண்டு மூணு நாள்ல 2 கிலோ எடை ஏறியிருந்தா, கால் வீக்கம் கூடியிருந்தா, நேரா படுத்தா மூச்சு முட்டுச்சுன்னா பயிற்சி வேண்டாம், உடனே டாக்டர பாருங்க. நடக்கும்போது நெஞ்சு வலியோ தலைசுத்தலோ வந்தா அங்கயே நிறுத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க, அந்த செட்ட முடிச்சுட்டு உக்காரலாம்னு நினைக்காதீங்க.

இன்னொண்ணு, இரும்புச்சத்து. ஹார்ட் ஃபெயிலியர் இருக்கறவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு இது கொறைவா இருக்கும், ஹீமோகுளோபின் நார்மலா இருந்தாலும் கொறையலாம், மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இரும்பு வேணும்ங்கறத மறந்துடறோம். அடுத்த தடவை போகும்போது ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன்னு இரும்புச்சத்துக்கான ரத்த டெஸ்ட் ரெண்டும் பாக்கலாமான்னு கேளுங்க. மெடிக்கல் ஷாப்ல நீங்களா இரும்பு மாத்திரை வாங்காதீங்க, 2017ல 225 பேருக்கு 16 வாரம் மாத்திரை குடுத்துப் பாத்ததுல உடற்பயிற்சித் திறன் கூடல, ஊசி வழியா ஏத்தினப்பதான் பலன் தெரிஞ்சிருக்கு, அது யாருக்கு வேணும்னு டாக்டர்தான் சொல்லணும். அந்த சாருக்கு ஃபெரிட்டின் 41 வந்துது, அது கொறைவுதான், நாலு வருஷத்துல அத யாருமே பாத்ததில்ல.