‘எனக்கு ரேஸ் தெரியும் டாக்டர்’

சூதாட்டப் பழக்கத்தை விட வேண்டும் என்று என்னிடம் வருபவர்களில் குதிரைப் பந்தயக்காரர்கள் தனி ரகம். சீட்டாடுபவர் "நேரம் சரியில்லை" என்பார். ரேஸுக்குப் போகிறவரோ, "நான் கணித்து ஆடுகிறேன் டாக்டர், இது சூதாட்டம் கிடையாது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. எந்தக் குதிரைக்கு எந்தத் தூரம் பழக்கம், ஈரத் தரையில் எப்படி ஓடும், ஏறுகிற ஜாக்கி யார், போன தடவையைவிட எத்தனை கிலோ கூடுதலாகச் சுமக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துபடி. சேசி, லைக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இப்படிப்பட்ட கணிப்பாளர்களை ஆராய்ந்து, பல விஷயங்களை ஒன்றோடொன்று பின்னிப் பார்க்கும் அவர்களுடைய திறமைக்கும் ஐக்யூவுக்கும் தொடர்பில்லை என்று 1986-ல் எழுதினார்கள். அந்தத் திறமையைக் குடும்பத்தினர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். "உனக்கென்ன தெரியும்?" என்று ஆரம்பிக்கிற பேச்சு அந்த இடத்திலேயே முறிந்துவிடும்.

ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், விவரம் சேரச் சேரத் துணிச்சலும் சேர்கிறது. உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1973-ல் அனுபவமுள்ள 8 கணிப்பாளர்களிடம் நடந்து முடிந்த ரேஸ்களின் விவரங்களைக் கொடுத்துக் கணிக்கச் சொன்னார். முதலில் 5 விவரங்கள், அப்புறம் 10, 20, 40. சராசரியாகப் பார்த்தால் துல்லியம் இருந்த இடத்திலேயே இருந்தது. நம்பிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ராத்திரி முழுக்க ரேஸ் புத்தகத்தோடு உட்காருகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்: அந்தக் கூடுதல் உழைப்பு பெரும்பாலும் நீங்கள் கட்டும் தொகையைத்தான் பெரிதாக்குகிறது.

ரேஸ்கோர்ஸில் பந்தயப் பணத்தை ஒன்றாகச் சேர்த்துப் பிரிக்கும் முறைக்கு டோட் என்று பெயர். அந்தக் கணக்கையும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். எல்லோரும் கட்டுகிற பணம் ஒன்றாகச் சேர்கிறது. அதிலிருந்து ஒரு பங்கை முதலிலேயே கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கிறார்கள். அந்தப் பங்கு நாட்டுக்கு நாடு, பந்தய வகைக்கு வகை மாறும்; 100-க்கு 20 என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாயில் ஆரம்பித்து, கையில் வந்ததை முழுக்கத் திரும்பக் கட்டிக்கொண்டே இருந்தால், எட்டாவது ரேஸ் முடியும்போது சராசரியாக 17 ரூபாய்தான் மிஞ்சும். சராசரியை மிஞ்ச வேண்டுமென்றால் மற்ற பந்தயக்காரர்களை மிஞ்ச வேண்டும். நீங்கள் படித்த அதே புத்தகத்தை அவர்களும் படித்திருக்கிறார்கள், நல்ல குதிரையின் விகிதம், அதாவது ஜெயித்தால் கட்டியதற்கு எத்தனை மடங்கு கிடைக்கும் என்பது, அதற்குள் இறங்கியிருக்கும். ஹாங்காங் ரேஸில் பெரும்பணம் சம்பாதித்த பில் பென்டர் என்ற பந்தயக்காரர் ஜெயிக்கவில்லையா என்று கேட்பார்கள். ஜெயித்தார், கணினியும் பெருந்தொகையும் வைத்துக்கொண்டு. அப்படிப்பட்டவர்களும் உங்களைப் போன்றவர்களின் பணம் சேர்கிற அதே தொகுப்பிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

பணத்தைவிட ஆழமாகப் பிடித்துக்கொள்வது கூட்டம். ரேஸ்கோர்ஸில் அந்தஸ்து பார்க்காமல் எவரோடும் பேசலாம். அங்கே உங்கள் கருத்துக்கு மதிப்பு உண்டு, எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று உங்கள் பெயர் சொல்லி டிப்ஸ் கேட்பார்கள். வீட்டிலும் வேலையிலும் கிடைக்காத மரியாதை அங்கே கிடைக்கிறது. ஜெயித்த கதையைப் பத்து பேருக்குச் சொல்கிறவர்கள் தோற்றதை யாரிடமும் சொல்வதில்லை. அதனால் அந்த இடத்தில் எல்லோரும் ஜெயிப்பது போலவே ஒரு தோற்றம் உண்டாகிவிடுகிறது. ரேஸை நிறுத்திய பிறகு "குதிரை ஞாபகம் வரவில்லை டாக்டர், அந்த ஆட்கள் ஞாபகம்தான்" என்று சொல்பவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அந்த வெற்றிடத்தை நிரப்ப வழி செய்யாத சிகிச்சை நீடிப்பதில்லை.

விட்டதைப் பிடிக்கத் திரும்பப் போவது, கட்டிய தொகையை மறைப்பது, அதே சிலிர்ப்புக்குத் தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, நிறுத்தினால் எரிச்சல். இவை நோயின் அறிகுறிகள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்-5 சூதாட்டக் கோளாறை மது, போதை அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் வைத்தது. திட்டினால் குணமாகாது, சிகிச்சை உண்டு.

என்னிடம் வருபவர்களுக்கு முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்கிறேன். கட்டியது ஒரு பக்கம், திரும்பியது ஒரு பக்கம். நினைவிலிருந்து சொன்ன கணக்கும் எழுதிய கணக்கும் ஒத்துப்போவது அபூர்வம். குடும்பத்தினர் கடனை ரகசியமாக அடைத்துவிடாதீர்கள். அடுத்த ஆட்டத்துக்கு அது முதலாகிவிடும். வங்கிக் கணக்கையும் கார்டையும் கொஞ்ச காலம் வேறொருவர் பொறுப்பில் வைக்க அவரையே சம்மதிக்க வையுங்கள். பெரிய கடன் வெளியே வந்த அன்று அவரைத் தனியாக விடாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் அன்றைக்கே ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.